தராசைப் பார்க்காதவர்கள்

இயந்திரங்களை முதல் நாளே முடித்துவிட்டேன்.
உருட்டும் மேசை ஆறு, உலர்த்தி இரண்டு,
வாட்டும் தொட்டிகளில் வலை கிழிந்தவை மூன்று.
கொதிகலனுக்கு வயது இருபத்தெட்டு;
ஏட்டில் அதன் விலை ஒரு ரூபாய்.
இன்னும் அதன் மூச்சில்தான்
அரவேணு மேடு முழுக்க மணக்கிறது.

இரண்டாம் நாள்
தொட முடியாதவற்றுக்கு.

பொட்டலத்தின் மேல் இருக்கும் பெயருக்குக் கணக்கு உண்டு:
பெயர் இருந்தால் கிலோ என்ன விலை,
இல்லாவிட்டால் என்ன விலை,
கழித்து, பத்து வருஷத்துக்கு நீட்டி,
இன்றைய பணமாகச் சுருக்கினால் போதும்.
குன்னூர் ஏலத்தில் கூடுதலாக விழும் பதினொரு ரூபாய்க்கும்
என் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது.
கலவை தெரிந்தவர் ஒருவர்தான்;
நாளைக்கே அவர் வேறு ஆலைக்குப் போய்விட்டால்?
அதற்கும் ஒரு சதவீதம்.

கடைசிக் கட்டத்தின் தலைப்பு, நற்பெயர்.
மிஞ்சியதையெல்லாம் அதில் கொட்டுவது வழக்கம்,
வீடு மாறும்போது கடைசிப் பெட்டியில்
மூடி தொலைந்த டப்பாக்களைப் போடுவது போல.

அன்று மழை பிடித்துக்கொண்டது.
கோத்தகிரிக்குத் திரும்ப வண்டி வரவில்லை.
எடை மேடை ஓரம், பிளாஸ்டிக் நாற்காலியில்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கொழுந்து வந்துகொண்டே இருந்தது,
ஜீப்பில், பிக்கப்பில், தலைச்சுமையில்.
போஜன் மூட்டையை இறக்கிவிட்டு
பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார்.
மாதி முண்டின் ஈரத்தைப் பிழிந்தபடி
மகனின் காலேஜ் ஃபீஸ் பற்றி யாரிடமோ.
ஹாலன் தராசுக்கு முதுகைக் காட்டி
போனில் கேரட் விலை கேட்டார்.
அந்தோணிராஜ் எடையைப் படிக்கிறார், எழுதுகிறார்,
ஈரத்துக்கு இவ்வளவு கழிவு என்கிறார்.
ஒருவரும் நிமிரவில்லை.

பத்தாவது ஆளுக்குப் பிறகு பேனாவை எடுத்தேன்.
ஐம்பத்திரண்டு பேர்.
தராசைப் பார்த்தவர்கள் மூன்று பேர்.
அதில் ஒருவர் புதியவர்,
இன்னொருவர் பார்த்தது
தராசின் மேல் ஏறி நின்ற பூனையை.

மறுநாள் பள்ளத்தில் இருக்கும் வேறொரு ஆலைக்குப் போனேன்,
யாரும் கேட்காமலே.
அங்கே எல்லாக் கழுத்தும் ஒரே பக்கம் நீண்டிருந்தது.
ஒரு பையன் முள் நின்ற இடத்தைப் படம் பிடித்தான்.
கொழுந்துக்கு அங்கே ஒரு ரூபாய் அதிகம் கொடுக்கிறார்கள்.

ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தும் இங்கே வருகிறது
வருஷத்துக்குப் பதினெட்டு லட்சம் கிலோ.
ஆக, பார்க்காத கண்களுக்கு விலை
பதினெட்டு லட்சம், வருஷா வருஷம்.
எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.
பதினேழு வருஷத் தொழிலில்
முதல் தடவையாக அதை அளந்துவிட்டேன்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
வரைபடத்தோடு போட்டேன்.

வாங்க வந்தவர் ஈரோட்டுக்காரர், மரியாதையானவர்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
அந்தப் பக்கத்தில் மட்டும் கொஞ்ச நேரம் தங்கினார்.
"அப்போ, மேடம்,
ஈரக்கழிவ இன்னும் ரெண்டு பர்சென்ட் ஏத்துனாலும்
தெரியாதுங்களா?"

நான் தண்ணீர் குடித்தேன்.
அது என் அறிக்கையின் வரம்புக்குள் வராது என்றேன்.
சரியான பதில். பொய்யும் இல்லை.

தை மாதம் கையெழுத்தானது.
நற்பெயர்: ஒரு கோடியே பன்னிரண்டு லட்சம்.

அந்தச் சொத்து கரைந்திருக்கிறதா என்று
வருஷம் ஒருமுறை சோதிக்க வேண்டும், அது விதி.
நானேதான் போனேன். அதே நாற்காலி.
தராசு புதுசு. சிவப்பு எண்கள்,
நாலு பக்கமும் தெரியும்படி.
அந்தோணிராஜ் லீவு என்றார்கள்;
எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை.
புதுப் பையன் பூனையை முதலில் விரட்டினான்.
போஜன் மூட்டையை இறக்கினார்,
பீடி காதிலேயே இருந்தது.
மாதி பாதிப் பேச்சில் நிறுத்தினார்.
எண்கள் ஓடி, தயங்கி, நிற்கும் வரை
ஷெட்டில் மழைச் சத்தம் மட்டும்.

பேனா பையிலேயே கிடந்தது.
போஜன் மெல்லத் திரும்பி
என்னைப் பார்த்தார்:
"போன மழையில
எங்கள எண்ணுனது நீங்கதானே?"